இரண்டு தட்டு

அந்தப் பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. பெட்ரோல் சம்பந்தப்பட்ட வேலை எதுவானாலும், கடைசியில் மூக்கன் வந்து பானெட்டுக்குள் தலையை விட்டு மோந்து பார்க்க வேண்டும். ஒன்றுமில்லை என்றால் பானெட்டைச் சாத்தி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவான். அந்த இரண்டு தட்டு விழாமல் எந்த வண்டியும் வாசலைத் தாண்டியதில்லை.

மூக்கன் என்பது அவனுடைய பெயரில்லை. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் லைசென்ஸில் பத்திரமாக இருக்கிறது. வேறெங்கும் அதற்கு வேலை இல்லை. பார்க்கப்போனால் அது ஒன்றும் பெரிய மூக்குமில்லை, சப்பை மூக்குதான். ஆனால் பத்தடி தள்ளி நின்றே, "டேங்க்குக்கு மேல, இடது பக்கம், பைப் சேர்ற எடம்" என்று சொல்வான். போய்ப் பார்த்தால் கசிவு அங்கேதான் இருக்கும். ஒருமுறை ஒரு வாடிக்கையாளர் வண்டிக் கதவைத் திறந்ததுமே, "சார், உங்க சீட்டுக்கு அடியில ஒரு வாழைப்பழத் தோல் கெடக்கு, மூணு நாளாச்சு" என்றான். அந்த மனிதர் வெட்கப்பட்டுக்கொண்டே எடுத்துப் போட்டார்.

கைவேலை அவனுக்கு வராது. அது மாப்பிள்ளையின் துறை. மாப்பிள்ளை என்றால் மூக்கனின் தங்கை கணவன். பட்டறையில் கூட்டாளியும் அவன்தான். மாப்பிள்ளை ஒரு நட்டைத் திருகினால் அது தானாகப் போய் உட்கார்வதுபோல் இருக்கும். மூக்கன் திருகினால் மரை தேய்ந்துவிடும். "மச்சான், நீ மோந்தா போதும், தயவுசெஞ்சு கைய வைக்காத" என்று மாப்பிள்ளை கேலி செய்வான். மூக்கனும் சிரிப்பான். சிரித்தாலும், மூக்கு இல்லாவிட்டால் இங்கே தான் யார் என்ற கேள்வி அவனுக்குள் அப்போதே இருந்தது.

ஒரு மழைக்காலத்தில் நாலு நாள் காய்ச்சல் வந்தது. போகும்போது மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காலையில் சோப்பு மணக்கவில்லை, காப்பி வெறும் சுடுதண்ணீராக இருந்தது, பட்டறைக்குள் நுழைந்தால் யாரோ விளக்கை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. டாக்டரிடம் போனான். வரலாம், வராமலும் போகலாம் என்றார் அவர். இதைச் சொல்ல எதற்கு இத்தனை வருஷம் படிக்க வேண்டும்?

யாரிடமும் அவன் சொல்லவில்லை. இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று நாளைக் கடத்தினான். பானெட்டுக்குள் தலையை விட்டு, மூச்சை இழுக்கிற சத்தத்தை மட்டும் இழுத்தான். கண்ணால் ஈரத்தைத் தேடினான், விரலால் தடவிப் பார்த்தான், பிறகு இரண்டு தட்டு. ஐந்து மாதம் இப்படியே ஓடியது. ஒன்றும் ஆகாததால் அவனுக்கே கொஞ்சம் துணிச்சல் வந்துவிட்டது.

கண்டுபிடித்தது தங்கைதான். ஒரு நாள் மத்தியானம் அவன் வீட்டுக்கு வந்தவள் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டாள். அடுப்பில் பால் பொங்கி, வற்றி, பாத்திரமே கறுத்துக்கொண்டிருந்தது. அவன் அடுத்த அறையில் உட்கார்ந்து நியூஸ்பேப்பர் படித்துக்கொண்டிருந்தான்.

"வீடே நாறுது, நீ பாட்டுக்குப் பேப்பர் படிக்கிற?" என்று அடுப்பை அணைத்தாள். பிறகு அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். குளியலறைக்குப் போய் எதையோ எடுத்துவந்தாள். "கண்ண மூடு" என்றாள்.

மூடினான். மூடியைத் திறந்து அவன் மூக்கடியில் நீட்டினாள். "இது என்ன?"

"சோப்பு" என்றான், குத்துமதிப்பாக.

கண்ணைத் திறந்தபோது அவள் கையில் பினாயில் பாட்டில் இருந்தது. இருவருக்கும் சிரிப்பு வந்தது. அவள்தான் முதலில் நிறுத்தினாள்.

"எவ்ளோ நாளாண்ணே?"

"காய்ச்சலுக்கு அப்புறம்."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லக் கூடாது. உன் புருஷனுக்குக் கை இருக்கு. எனக்கு இருந்தது இது ஒன்னுதான். தெரிஞ்சா நான் பட்டறையில பெருக்கத்தான் லாயக்கு."

அவள் பாத்திரத்தைத் தண்ணீரில் ஊறவைத்துக்கொண்டே யோசித்தாள். "பெட்ரோல் வேலண்ணே. வெளையாட்டில்ல. இந்த மாசக் கடைசி வரைக்கும் வாய மூடிட்டிருக்கேன். அதுக்குள்ள நீயா சொல்லிரு. இல்லேன்னா நான் சொல்லிருவேன்."

"சொல்லிர்றேன்" என்றான். மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அந்தச் சமயத்தில் மாப்பிள்ளை தன் சொந்த வண்டியில் மூழ்கிக் கிடந்தான். யாரோ வேண்டாமென்று தள்ளிவிட்ட சின்னக் கார் அது. ஞாயிறு தவறாமல் அதன் கீழேயே படுத்துக் கிடந்து, கடைசியில் அதற்கு ஒரு டர்போவும் பூட்டிவிட்டான். டர்போ இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். காற்றின் அழுத்தம் ஏற ஏற, பெட்ரோலின் அழுத்தமும் அதே அளவுக்கு ஏற வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் வெந்துபோகும். அதைப் பார்த்துக்கொள்வது ரெகுலேட்டர் என்ற, கைக்குள் அடங்கும் அலுமினியக் குமிழ். கம்பெனி வைத்தது போதாதென்று வெளியே ஒன்று வாங்கினான் மாப்பிள்ளை. நல்ல சிவப்பு நிறம். பானெட்டைத் திறந்ததும் கண்ணில் பட வேண்டும் என்று, இன்ஜின் மேலேயே, நெருப்பாய்ச் சுடுகிற டர்போவிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் மாட்டினான். ஊரார் வண்டியில் இப்படி மாட்டியிருந்தால் அவனே திட்டியிருப்பான். சொந்த வண்டி என்றால் கெட்டிக்காரனுக்கும் புத்தி கொஞ்சம் மழுங்கிப்போகிறது.

அந்த ஞாயிறு காலையில் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை. "வாரத்துல ஒரு நாள், அதுவும் அந்தத் தகர டப்பாவுக்குத்தானா?" என்று அவள் கத்தியிருக்கிறாள். சமாதானத்துக்காக, "வண்டி முடிஞ்சிருச்சு, வா, முதல் ரவுண்டு உன்னக் கூட்டிட்டுத்தான் போவேன்" என்று மாப்பிள்ளை அவளைப் பட்டறைக்கு அழைத்துவந்தான். நல்ல உடை உடுத்தி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள்.

"மச்சான், வா. மோந்து விடு."

மூக்கன் குனிந்தான். தங்கை பக்கத்திலேயே நின்றாள். சூடான உலோகம் முகத்தில் அடித்தது, அவ்வளவுதான். ஈரம் எதுவும் கண்ணில் படவில்லை. நிமிர்ந்தபோது அவள் கண் அவன் மேலேயே இருந்தது.

"அண்ணே..." என்று ஆரம்பித்தாள்.

மாசக் கடைசிக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. அவன் வேண்டாம் என்பதுபோல் லேசாகத் தலையை ஆட்டினான். பானெட்டைச் சாத்தினான். இரண்டு தட்டுத் தட்டினான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஜன்னல் வழியாக அவனையே பார்த்துக்கொண்டு போனாள்.

மேட்டுச் சாலையில் மாப்பிள்ளை அழுத்தி மிதித்தபோது ரெகுலேட்டரிலிருந்து பெட்ரோல் டர்போ மேல் பீச்சியடித்திருக்கிறது. புகையைப் பார்த்து நிறுத்தி, இறங்கி முன்பக்கம் ஓடினான். என்ன ஆனாலும் செய்யக் கூடாத ஒன்றை, பிறருக்கெல்லாம் அவனே சொல்லிக்கொடுத்திருக்கும் ஒன்றை, பதற்றத்தில் செய்தான். பானெட்டைத் திறந்தான். காற்றுப் பட்டதும் தீ ஆளுயரம் எழுந்தது. அவன் கைகள் இரண்டும் வெந்தன. அவள் சீட் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டிருந்தபோது தீ உள்ளே இறங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தாள். ஒரு வார்த்தை பேசவில்லை. மாசக் கடைசி அன்று போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், இரண்டு கையிலும் கட்டோடு மாப்பிள்ளை சொன்னான்.

"நீ தட்டினப்போ சரியாத்தான் இருந்துச்சு மச்சான். நான்தான், தெருமுனை திரும்பினதும் நிறுத்தி, அழுத்தம் கொஞ்சம் கூடட்டும்னு ரெகுலேட்டர் ஸ்க்ரூவ அரைச் சுத்துத் திருப்பினேன். நீ தட்டின வண்டிய நான் மறுபடி தொட்டிருக்கக் கூடாது. என் கையாலயே அவளக் கொன்னுட்டேன்."

மூக்கன் தன் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"கொஞ்ச தூரம் போனதும் பெட்ரோல் வாட அடிக்குதுன்னா. உங்கண்ணன் மோந்த வண்டிடி, நீ என்ன அவனவிடப் பெரிய மூக்கான்னு சிரிச்சேன். பேசாம வந்தா. அப்புறம், வண்டிய ஓரமா நிறுத்துங்க, உங்ககிட்ட ஒன்னு சொல்லணும்னா. காலைல போட்ட சண்டையத்தான் மறுபடி இழுக்கப்போறான்னு நெனச்சு, எதுவா இருந்தாலும் வீட்ல போய்ச் சொல்லுன்னு மிதிச்சேன்." மூக்கனின் முகத்தைப் பார்த்தான். "என்ன சொல்ல வந்திருப்பா மச்சான்?"

உலகத்தில் அதற்குப் பதில் தெரிந்த ஒரே ஆள் எதிரே நின்றுகொண்டிருந்தான். "தெரியலயே மாப்ள" என்றான்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வி நின்றபாடில்லை. காப்பி குடிக்கும்போது மாப்பிள்ளை கேட்பான். டயரை உருட்டிக்கொண்டு போகிறவன் பாதியில் நின்று கேட்பான். "அவ பொறந்தநாளுக்கு ஏதாவது கேக்க வந்திருப்பாளோ?" என்பான். "உடம்புக்கு ஏதாவது இருந்து மறைச்சு வெச்சிருந்தாளோ?" என்பான். ஒரு நாள், பழுப்பேறிய தழும்புக் கைகளைப் பார்த்துக்கொண்டே, "என்னோட வாழ முடியாது, போறேன்னு சொல்ல வந்திருக்கா. அதான். வேற என்ன இருக்கப்போவுது?" என்றான். அன்றைக்குப் பிறகு வேறெதையும் யோசிப்பதை விட்டுவிட்டான். அதையே நம்ப ஆரம்பித்துவிட்டான். சாப்பாடு குறைந்தது. சட்டை தோளில் தொங்கியது.

அவள் ஸ்வெட்டர் ஒன்று அந்த ஞாயிற்றுக்கிழமை நாற்காலி முதுகில் கிடந்திருந்தது. வெயிலாக இருக்கிறதென்று போடாமல் போயிருந்தாள். அதை அவன் ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டுக் காற்றுப் போகாமல் மூடி வைத்திருந்தான். ஞாயிறுதோறும் திறந்து முகத்தில் வைத்துக்கொள்வான். மூன்றாவது மாதம் அந்தக் கவரை எடுத்துக்கொண்டு மூக்கன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"எனக்கு ஒன்னும் தெரிய மாட்டேங்குது மச்சான். தெறந்து தெறந்து நானே வாசனையப் போக்கிட்டனோ என்னமோ. உன் மூக்குக்குத் தெரியும். பாரேன்."

மூக்கன் கவருக்குள் முகத்தைப் புதைத்தான். கம்பளி கன்னத்தில் உறுத்தியது. தங்கையின் ஒரு முடி பொத்தானில் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குமேல் ஒன்றுமில்லை, வெற்றுக் காற்று.

"இருக்கு மாப்ள" என்றான். "நல்லாவே இருக்கு."

"எது? சோப்பா? தலைக்குத் தேய்ப்பாளே, அந்த எண்ணெயா?"

"ரெண்டும்."

மாப்பிள்ளை கவரை வாங்கி அவசர அவசரமாக மூடினான். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்று அங்கேயே உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட்டான். பிறகு மாதம் ஒருமுறை கவரோடு வருவான். மாதம் ஒருமுறை மூக்கன் இருக்கிறது என்பான். இந்தப் பொய்யை மட்டும் தான் நல்ல மனசோடு சொன்னதாக அவன் தன்னைத் தேற்றிக்கொண்டான்.

அவள் போய் ஏழு மாதம் கழித்து ஒரு பல் டாக்டர் அம்மா தன் டர்போ காரோடு வந்தாள். டர்போ வேலையே எடுப்பதில்லை என்று மாப்பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஒரு தடவ பாத்துட்டு மட்டும் சொல்லுங்க" என்றாள் அவள். "வேற எடத்துல ரெகுலேட்டர் மாட்டிக் குடுத்தாங்க. எனக்கென்னமோ பயமாவே இருக்கு."

பானெட்டைத் திறந்து பார்த்த மாப்பிள்ளை அப்படியே நின்றுவிட்டான். ரெகுலேட்டரை ஒரு பிளாஸ்டிக் கட்டால் டர்போவுக்குப் பக்கத்துக் குழாயில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "சாவிய வெச்சுட்டுப் போங்கம்மா" என்றான். மூக்கனிடம் மெதுவாக, "இத இப்படியே திருப்பி அனுப்பினா நான் மனுஷனே இல்ல மச்சான்" என்றான்.

இரண்டு நாள் வேலை பார்த்தான். முதலில் பெட்ரோல் பம்ப்பின் ஃப்யூஸைப் பிடுங்கி, இன்ஜின் தானாக அணையும்வரை ஓடவிட்டு, குழாயில் இருந்த அழுத்தத்தை இறக்கினான். பேட்டரி வயரைக் கழற்றினான். தீயணைப்பானைக் கை எட்டும் தூரத்தில் வைத்தான். ரெகுலேட்டரை இன்ஜினில் மாட்டவில்லை, டர்போவுக்கு எதிர்ப்பக்கம், சூடு எட்டாத மூலையில், வண்டியின் உடம்பிலேயே தடித்த தகடு வைத்துப் பூட்டினான். இன்ஜின் குலுங்கும், உடம்பு குலுங்காது. அதனால் நடுவே போகிற ஹோஸை இழுத்துப் பிடிக்காமல் கொஞ்சம் தாராளமாக விட்டான். எங்கேயும் உரசாமல் ரப்பர் வைத்த கிளிப்பில் நிறுத்தி, மேலே சூடு தாங்கும் உறை போட்டான். ஃபிட்டிங்குக்குள் போகிற சின்ன ரப்பர் வளையங்களை வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, எண்ணெய் தடவி உட்காரவைத்தான். காற்றழுத்தம் சொல்லும் மெல்லிய குழாயைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் அழுத்தத்தைச் சரிசெய்தான், பிறகு பூட்டு நட்டை இறுக்கினான். அந்த ஸ்க்ரூவை மட்டும் இரண்டு முறை கை வைத்து எடுத்துவிட்டு, மூன்றாம் முறைதான் திருப்பினான். மூக்கன் பார்க்காததுபோல் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

இரண்டாம் நாள் சாயங்காலம் டாக்டர் அம்மா வந்து நின்றாள். வெளியூரிலிருந்து அவள் அம்மா வருகிறாளாம், ஸ்டேஷனுக்கு நேரே போக வேண்டுமாம். மாப்பிள்ளை இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பினான். பம்ப் முனகியது, அழுத்தம் காட்டும் கேஜ் முள் ஏறி நின்றது. ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பரைச் சுற்றி எடுத்துப் பார்த்தான். எல்லாம் காய்ந்தே இருந்தது. இன்ஜினை ஓட்டிவிட்டு மறுபடி அதே மாதிரி பார்த்தான்.

"மச்சான், வா."

மூக்கன் குனிந்தான். இந்த வேலையில் ஒரு குறையும் இருக்காது, அவனுக்குத் தெரியும். பானெட்டைச் சாத்தி இரண்டு தட்டுத் தட்டினால் முடிந்துவிடும். சாத்தினான். கையைத் தூக்கினான். டாக்டர் அம்மா கதவுக் கைப்பிடியில் கை வைத்தபடி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவன் தங்கையும் அப்படித்தான் நின்றாள்.

கை இறங்கவில்லை.

"என்ன மச்சான், வாட வருதா?"

"தெரியாது மாப்ள."

"தெரியாதுன்னா?"

"எனக்கு எந்த வாசனையும் தெரியாது. ஒரு வருஷமா. காய்ச்சலோட போயிடுச்சு." தூக்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் மார்பில் வைத்துக்கொண்டான். "அன்னிக்கும் தெரியாது. சும்மாதான் தட்டினேன். நீ அரைச் சுத்துத் திருப்பினதாலதான்னு எனக்குத் தோணல. கேட்டத் தாண்டும்போதே கசிஞ்சிட்டிருந்துதோ என்னமோ. மூக்கு இருந்த ஒருத்தி வண்டியில இருந்தா, அவளுக்கு வாட வந்திருக்கு."

மாப்பிள்ளை கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அது எப்போதோ சுத்தமாகிவிட்டது.

"அவளுக்குத் தெரியும் மாப்ள. அவ ஒருத்திக்குத்தான். உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு நான்தான் வாயக் கட்டிப் போட்டிருந்தேன். வண்டிய நிறுத்தச் சொன்னது அதத்தான் சொல்றதுக்கு. 'அண்ணனுக்கு மூக்கு வேல செய்யல'ன்னு சொல்ல வந்திருக்கா."

பட்டறைக்குள் பம்ப் மட்டும் முனகிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளை போய்ச் சாவியைத் திருப்பி அதை நிறுத்தினான்.

"என்ன விட்டுட்டுப் போறேன்னு சொல்ல வரலையா?"

"இல்ல மாப்ள. சத்தியமா இல்ல."

மாப்பிள்ளை டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்தான். தழும்புக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்க அழுதான். அவள் செத்த அன்றுகூட அப்படி அழவில்லை. டாக்டர் அம்மா சத்தமில்லாமல் வாசலுக்குப் போய் நின்றுகொண்டாள். மூக்கன் கிட்டே போகவில்லை. அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான். மாப்பிள்ளை அடிக்கவில்லை.

வெகுநேரம் கழித்து எழுந்தான். குழாயில் முகம் கழுவினான். பானெட்டைத் திறந்து, ஒவ்வொரு இணைப்பிலும் தானே மூக்கை வைத்து நிதானமாக மோந்தான். சாத்தினான். தட்டவில்லை.

"எடுத்துட்டுப் போங்கம்மா" என்றான். "சரியா இருக்கு. ஆனா எப்பவாவது பெட்ரோல் வாட வந்தா, யார் என்ன சொன்னாலும் கேக்காதீங்க, நான் சொன்னாலும் கேக்காதீங்க. ஓரமா நிறுத்தி, இன்ஜின அணைச்சுட்டு, இறங்கித் தள்ளி நின்னுருங்க. பானெட்ட மட்டும் தெறக்காதீங்க."

கார் போனது. அந்தப் பட்டறையிலிருந்து தட்டு விழாமல் வெளியே போன முதல் வண்டி அதுதான்.

மாப்பிள்ளை திரும்பி, கருவிகளை ஒவ்வொன்றாக அதனதன் இடத்தில் மாட்டினான். மூக்கன் தன் சட்டையை ஆணியிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். இனி இங்கே வரப்போவதில்லை என்று அவனுக்கே தெரிந்திருந்தது. வாசலை அடைந்தபோது பின்னாலிருந்து கூப்பிட்டான் மாப்பிள்ளை.

"மச்சான்."

"ம்."

"அந்த ஸ்வெட்டர்..."

மூக்கன் திரும்பவில்லை.

"சோப்பு, எண்ணெய், ரெண்டும் இருக்குன்னியே."

"எனக்குத் தெரியாது மாப்ள" என்றான் மூக்கன். "இருக்கான்னே எனக்குத் தெரியாது."

மாப்பிள்ளை கடைசி ஸ்பேனரை மாட்டிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டான்.

"போன ஞாயித்துக்கிழம எனக்கே வந்துச்சு மச்சான்" என்றான். "நீ இருக்குன்னு சொன்னதால."